கால் அந்தோனியாருக்கு, கை டாக்குத்தருக்கு

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குத் தெற்கே, கடலை ஒட்டிக் கிடந்த கோவிலடிக் குடிமனையில், நோய் வந்தவன் அதை ஊருக்கெல்லாம் சொல்லலாம். வேலிக்கு மேலால் எட்டிச் சொல்லலாம், கிணற்றடியில் சொல்லலாம், பூசை முடிந்து வெளியே வரும்போது வீங்கிய காலைத் தூக்கிக் காட்டியும் சொல்லலாம். கேட்பவர்கள் முழுவதையும் கேட்டு, தங்கள் நோயையும் பதிலுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். நோய் மாறிச் சுகம் வந்தால்தான் வில்லங்கம். மாறியதை வாய் திறந்து சொல்லக்கூடாது. பாயில் கிடந்தபோது அந்தோனியாருக்கு நேர்ந்த நேர்த்தி ஒன்று இருக்கும். யூன் மாதத் திருநாளன்று கோவில் முற்றத்தில் அதைச் செலுத்தும்வரை சுகம் அந்தோனியாருடைய உடைமை, நோயாளியுடையதல்ல. அதற்கு முன் "எனக்குச் சுகம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனிடமிருந்து அவர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

ஆகவே யாராவது "இப்ப எப்பிடி, சுகமோ?" என்று கேட்டால் கோவிலடியில் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "அப்பிடியேதான் இருக்குது."

நேர்த்தி செலுத்திய கணத்திலிருந்து கதை தலைகீழ். அப்போது முற்றத்தில் நின்று தொண்டை கிழியச் சொல்லவேண்டும். மெதுவாகச் சொன்னால் அந்தோனியாருக்கு மனத்தாங்கல்.

பங்குச் சுவாமியார் இந்த வழக்கத்தை மூடத்தனம் என்று பிரசங்கத்தில் பலமுறை கண்டித்தவர். அவருடைய முழங்கால் வீக்கம் வற்றிய வருடத்தில் யாரோ சுகம் விசாரித்தபோது, சற்று யோசித்து, "அப்பிடியேதான்" என்றார்.

சந்தியோகு இந்தக் குடிமனையில் பிறந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் பாய்க்கப்பலில் போய், அதில் பாதிக்காலம் தண்டையலாக, அதாவது கப்பலையும் அதில் இருந்த ஆட்களையும் கரைசேர்க்கும் பொறுப்புள்ளவராக, சுக்கான் பிடித்தவர். புயலில் கப்பலைக் கொண்டுவந்த கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. அவற்றில் சில நடந்தவை. கடலை விட்ட பிறகு மகள் மேரிஜோசப்பினுடைய வீட்டில் இருந்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் ஒரு காலை, கரையில் இழுத்துவிட்டிருந்த வள்ளத்துக்குக் கல்பெத்து அடித்துக்கொண்டிருந்தவர், பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்த கையோடு பக்கவாட்டில் சரிந்தார். தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார்கள். பேச்சு இரண்டொரு நாளில் திரும்பியது. வலப்பக்கம் திரும்பவில்லை. பாரிசவாதம்.

வேலிக்கரைக்குப் போகவும் இரண்டு பேர் தூக்கவேண்டியிருந்த அந்த நாட்களில்தான் அவர் நேர்ந்தார். காலைத் தந்தால் திருநாளன்று அந்தோனியாரின் சுருவத்தைத் தூக்கிவரும் கூட்டுக்குப் பின்னால் ஊன்றுகோல் இல்லாமல் நடந்துவந்து வெள்ளிக்கால் ஒன்று வைப்பதாக. கையைக் கேட்கவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றுதான் கேட்கலாம். பேராசைக்காரனை மனிதருக்கே பிடிக்காது, அந்தோனியாருக்கு மட்டும் பிடிக்குமா? கால் வரட்டும், கையைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்.

ஆனால் அவரைத் தின்றது காலல்ல, கைதான். மகள் மேரிஜோசப்பின், குசினி வாசலில் கதிரையை இழுத்துப் போட்டு, சோற்றைக் குழைத்து, தகப்பனுக்கு ஊட்டினாள். இடக்கையால் சாப்பிடச் சொன்னபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ஊட்டும்போதும் சுவர்ப்பக்கம்தான். தெருவால் போகிறவர்கள் காண்பார்கள் என்று அவள் பிறகு படலையைச் சாத்திக்கொண்டு ஊட்டினாள்.

"அப்பு, வாயைத் திறவுங்கோ."

"மீனிலை முள்ளுப் பாத்தனியோ?"

"பாத்தனான் அப்பு."

"சின்ன வயசிலை உனக்கு நான்தான் முள்ளுப் பாத்துத் தாறனான்" என்று ஒருநாள் சொன்னார். அவள் குனிந்து இன்னொருதரம் முள்ளுப் பார்த்தாள்.

அடுத்த வருடம் தை மாதம் டாக்குத்தர் பரராசசிங்கம் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், சீமையில் படித்தவர், முப்பது சொச்சம் வயது. முதுமையில் வாதம் விழுந்தவர்களும் எலும்பு முறிந்தவர்களும் பயிற்சியால் மறுபடி எழும்ப முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. முடியும் என்று முன்னமே முடிவுசெய்துவிட்டு அதை நிரூபிக்க ஒரு தீவைத் தேடியவர். ஆராய்ச்சியாளர்களுக்குத் தீவுகள் பிடிக்கும். சுற்றிவரக் கடல் இருப்பதால் ஆராயப்படுகிறவர்கள் ஓடிப்போக மாட்டார்கள். துறைமுகத்தடியில் சரக்கில்லாமல் சும்மா கிடந்த ஒரு கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, கமுக மரங்களைப் பிளந்து இரு பக்கமும் இடுப்பளவில் கிராதி போட்டு, நடுவே நடைபழகச் சொன்னார். ஊர் அதற்கு நடைக்கிட்டங்கி என்று பெயர் வைத்தது. மேலே கூரை வளையில் ஒரு கப்பி கட்டிக் கயிறு தொங்கவிட்டிருந்தார்.

"இந்தத் தலைப்பை நல்ல கையாலை இழும். மற்றக் கை தானாய் மேலை போகும்" என்றார் முதல்நாள்.

சந்தியோகு இழுத்தார். செத்த கை ஒரு பாயைப்போல மெல்ல மெல்ல மேலே ஏறியது. வாழ்நாள் முழுக்கக் கப்பியில் பாய் ஏற்றிய மனிதர், தன் கை ஏறுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. டாக்குத்தர் அதை வலி என்று எழுதிக்கொண்டார்.

அன்று திரும்பும்போதே சந்தியோகு தன் உடம்பைப் பாகம் பிரித்துவிட்டார். கால் அந்தோனியாருக்கு. கை டாக்குத்தருக்கு. கைக்கு நேர்த்தி இல்லை. ஆகவே கையைப்பற்றி எவரிடமும் எதுவும் சொல்லலாம். மாசியில் சுண்டுவிரல் அசைந்தபோது அவர் கிட்டங்கி அதிரக் கத்தினார்.

"ஐயா, ஓடியாங்கோ! விரல் ஆடுது!"

"காலெப்பிடி?"

"கால் அப்பிடியேதான் ஐயா."

கால் அப்பிடியே இல்லை. பங்குனியில் அது தரையை அடையாளம் கண்டுகொண்டது. ஊரார் கண்ணயரும் உச்சி வெயிலில், வீட்டுக்குப் பின்னால் கரையில் கிடந்த வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு பிடிக்காமல் நடந்தார். மணல் சுட்டது, சுடுவது தெரிந்ததே அவருக்குப் பெரிய காரியமாக இருந்தது. மேரிஜோசப்பின் வேலியிடுக்கால் கண்டாள். கண்டதைக் காணாததுபோல் உள்ளே போனாள். அவளும் கோவிலடியில் பிறந்தவள்தானே.

கிட்டங்கிக்கு வந்த மற்றவர்களும் அப்படித்தான். அன்னமுத்து கடகத்தில் மீன் சுமந்து ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் போய்வந்தவள், இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவள். கிராதிக்குள் வந்தால் "ஐயோ மாதாவே" என்று முனகி முனகி நகர்வாள். வீட்டிலே கோழி கலைத்து ஓடுவாள்.

"என்ன சந்தியோகண்ணை, இண்டைக்குக் கூடத்தான் இழுக்கிறியள்" என்று ஒருநாள் கிசுகிசுத்தாள்.

"நீ மட்டும்? நேற்றுக் கோழி பிடிச்ச ஆள் ஆர்?"

"உஸ்ஸ்! அது கோழியிலை வந்த கோவத்திலை ஓடினது. சுகத்திலை ஓடேல்லை."

டாக்குத்தர் குழம்பினார். உலகத்தில் எங்கும் வாதம் விழுந்தவனுக்கு முதலில் தேறுவது கால்; கை பிந்தித்தான், வந்தால் வரும். இந்தக் கிழவனுக்கு மட்டும் கை முந்துகிறது. தொடையை அளந்தால் தசை வைத்திருக்கிறது. நடக்கச் சொன்னால் சாக்கை இழுப்பதுபோல் இழுக்கிறார். பங்குச் சுவாமியாரிடம் போய்க் காரணம் கேட்டார். சுவாமியார் வானத்தைப் பார்த்து, கடவுள் சித்தம் என்றார். அவரும் முழங்காலுக்கு அந்தக் கிட்டங்கியில் வந்து எண்ணெய் உருவுவித்துக்கொண்டிருந்த காலம் அது. மறுபடியும் வீங்கி, மறுபடியும் வற்றியிருந்தது.

சித்திரை முடிவில், புளியங்கொட்டை ஒன்றை நிலத்திலிருந்து எடுத்து மறுபடி போடுமளவுக்குச் சந்தியோகுவின் விரல்கள் வந்துவிட்டன. கை நெஞ்சுவரை ஏறியது. வாய்க்கு இன்னும் ஒரு சாண்.

"மார்கழியிலை நத்தாருக்கு நீர் உம்மட கையாலை சாப்பிடுவீர்" என்றார் டாக்குத்தர். "நான் சும்மா சொல்லேல்லை. விடாமல் செய்தால் வரும். விட்டால் விறைச்சுப்போம், பிறகு ஆராலும் ஏலாது."

"நத்தாருக்கோ ஐயா?"

"ஓம். ஆனால் ஒண்டு. வாற மாதம் கொழும்பிலையிருந்து கமிட்டியார் வருகினம். காசு தாறது அவைதான். ஆக்கள் தேறினதைக் கண்டால்தான் கிட்டங்கி நடக்கும். அவைக்குக் கைவிரல் விளங்காது. நடை வேணும்." அவர் குனிந்து சந்தியோகுவின் முகத்துக்கு நேரே வந்தார். "உம்மட தொடை சொல்லுது நீர் நடப்பீர் எண்டு. நீர்தான் மாட்டன் எண்டுறீர். என்ன காரணம்? சொல்லும்."

காரணத்தைச் சொன்னாலே சுகத்தைச் சொன்னதாகிவிடும். சந்தியோகு கப்பியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், டாக்குத்தரைப் பார்க்கவில்லை.

"அப்பிடியேதான் ஐயா இருக்குது."

கமிட்டியார் வருமுன் இருந்த நாட்களில் சந்தியோகு சரியாகச் சாப்பிடவில்லை. நடந்தால் கிட்டங்கி நிலைக்கும். கிட்டங்கி நிலைத்தால் கை வரும். இவ்வளவும் அவருக்கு விளங்கியது. விளங்காமல் இழுத்த காலல்ல அது. ஆனால் அவருக்கு ஒரு மகன் இருந்தான், பஸ்ரியாம்பிள்ளை. ஏழு வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. அப்போது சந்தியோகு கடலில். மனைவி செல்லாச்சி நேர்ந்துகொண்டு தலைமாட்டில் கிடந்தாள். காய்ச்சல் விட்டது. பிள்ளை எழும்பியிருந்து கஞ்சி குடித்தான். அவள் மனம் நிறைந்து வேலியடிக்கு ஓடி, "என்ர பிள்ளை எழும்பியிட்டான்! கஞ்சி குடிச்சிட்டான்!" என்று பக்கத்து வளவுக்குக் கேட்கச் சொன்னாள். அந்தக் கிழமைக்குள் பிள்ளையைப் பெட்டியில் வைத்தார்கள். நெருப்புக் காய்ச்சல் சிலவேளை அப்படித் திரும்பும் என்று பிற்காலத்தில் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஒருவர் சொன்னார். செல்லாச்சிக்கு அதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் பயனில்லை. சந்தியோகு அவளை ஒரு சொல் ஏசியதில்லை. சாகும்வரை அவள் யாரைப்பற்றியும் "சுகம்" என்ற சொல்லை வாயால் எடுக்கவில்லை. கப்பலில் சுக்கான் பிடித்து நின்ற இரவுகளில் அந்த வேலியடிக் குரலை, அவர் நேரில் கேட்டிராத அந்தக் குரலை, அவர் அடிக்கடி கேட்டிருக்கிறார்.

வைகாசி நடுவில் கமிட்டியார் காரைநகரிலிருந்து வள்ளத்தில் கடந்து வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை, அவருக்கு இருபக்கமும் அவரைவிட வெள்ளைக்காரராக நடந்துகொண்ட இரண்டு உள்ளூர்த் துரைமார். கிட்டங்கிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. டாக்குத்தர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

முதலில் அன்னமுத்து. கிராதியைப் பிடித்துக்கொண்டு, மாதாவையும் சகல அர்ச்சியசிட்டவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நடுவில் உட்கார்ந்தேவிட்டாள். மற்றவர்களும் வந்து தங்கள் தங்கள் பங்குக்கு முனகிப் போனார்கள்.

"சந்தியோகு, வாரும்" என்றார் டாக்குத்தர். அதுவரை நீரென்று பேசியவர், கிட்ட வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். ஒருக்கா நடந்து காட்டுங்கோ. உங்கட கைக்காக."

சந்தியோகு கிராதிக்குள் நின்றார். கால் ஆயத்தமாக இருந்தது. குதி, பாதம், முழங்கால் எல்லாம் கட்டளைக்குக் காத்து நிற்கும் ஆட்களைப்போல நின்றன. எதிரே திறந்த கதவு, அதற்கப்பால் பளபளக்கும் கடல். ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், பிறகு அது தானாகப் போய்விடும் என்று தெரிந்தது. டாக்குத்தருடைய கை அவருடைய முதுகுக்குப் பின்னால், தொடாமல், விழுந்தால் தாங்க நின்றது. மற்றப் பக்கத்தில் வேலியடிக் குரல்.

அவர் காலை இழுத்தார். சாக்கைப்போல, கிட்டங்கியின் மணல்தரையில் கோடு விழ இழுத்தார். முகத்தில் வியர்வை ஓடியது. அது நடிப்பல்ல, சுகமான காலை இழுப்பது சுகமில்லாத காலை இழுப்பதைவிடப் பாரம்.

பிறகு, கேளாமலே, சட்டைப்பையிலிருந்து புளியங்கொட்டையை எடுத்துக் கிராதியின் தலைப்பில் வைத்தார். வலக்கையால் அதை எடுத்துக் காட்டினார். போட்டார். மறுபடி எடுத்தார்.

"கையைப் பாருங்கோ துரை. கை வருது. இது ஐயாவின்ர வேலை."

துரை பார்த்தார், தலையசைத்தார், தன் மொழியில் ஏதோ சொன்னார். உள்ளூர்த் துரை ஒருவர் சிரித்து அதைத் தமிழாக்கினார்: "ஒரு கிட்டங்கிக்கு ஒரு புளியங்கொட்டை காணாதாம்."

யூன் மாதம் பிறந்ததும் கிராதிகளைக் கழற்றினார்கள். ஊருக்கு விறகு கிடைத்தது. தீவுப்பகுதி முதியோர் பயிற்சியால் தேறுவதில்லை என்றும், கால் தேறுமுன் கை தேறியதாகச் சொல்லப்படுவதால் அளவுகளே சந்தேகத்துக்குரியவை என்றும் கமிட்டியார் முடிவெழுதினார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள்.

பரராசசிங்கம் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டிருந்தபோது சுவாமியார் ஆள் அனுப்பினார்: போகிறதுதான் போகிறீர், திருநாளுக்கு நின்றுவிட்டுப் போம். சுவாமியாருக்கு உள்ளே ஏதோ அரித்திருக்கவேண்டும்.

திருநாளன்று வெள்ளைமணல் பரப்பிய முற்றத்தில் சனம் அடைந்திருந்தது. மணி அடித்தது, வெடி போட்டார்கள், பூவால் மூடிய கூட்டில் அந்தோனியார் குழந்தையை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். டாக்குத்தர் மதிலோரம் ஒரு பூவரசின் கீழ் நின்றார். கூட்டுக்குப் பின்னால் நேர்த்திக்காரர் வந்தார்கள். முதலில் அன்னமுத்து, தலையில் மெழுகுதிரிக் கடகத்தோடு, கை வீசி. பின்னால் கிட்டங்கியில் முனகிய அத்தனை பேரும். நடுவில் சந்தியோகு. புதுச் சால்வை. ஊன்றுகோல் இல்லை. தலை நிமிர்ந்து, தண்டையல் கப்பல்தட்டில் நடப்பதுபோல நடந்துவந்தார். இடக்கையில் வெள்ளிக்கால். வலக்கை நெஞ்சோடு மடங்கிக் கிடந்தது.

கூடு கோவிலைச் சுற்றி வந்து நின்றது. நேர்த்திகள் பீடத்தடியில் போயின. பிறகு அந்தச் சத்தம் எழும்பியது.

"எனக்குச் சுகம் வந்திட்டுது! அந்தோனியாரே, என்ர இடுப்பு நேராயிட்டுது!"

"என்ர கால் வந்திட்டுது! நடக்கிறன், பாருங்கோ!"

"என்ர முழங்கால்…" என்று ஒரு குரல் கோவிலுக்குள்ளிருந்து தொடங்கி, தன் அங்கியை நினைத்து நின்றுபோனது.

டாக்குத்தர் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். ஆறு மாதமாக அவர் கேட்டுக் கிடைக்காத அத்தனை விடைகளும் அந்த முற்றத்தில் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. சனம் கலைந்தபோது சந்தியோகு அவரைக் கண்டு, மணலில் நேரே நடந்து வந்தார்.

"ஐயா வந்தது நல்லது. கால் வந்திட்டுது."

"எப்ப வந்தது?"

"பங்குனியிலை."

டாக்குத்தர் மரத்திலிருந்து கையை எடுத்தார். "அதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே ஐயா. ஒரு சொல்லு."

"அண்டைக்குச் சொன்னால் இண்டைக்கு நடக்கேலாதே."

"ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?"

சந்தியோகு மகனைப்பற்றிச் சொன்னார். அதிகம் சொல்லவில்லை, வேலியடி, கஞ்சி, பெட்டி. டாக்குத்தர் மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். நெருப்புக் காய்ச்சலைப்பற்றி அவருக்குத் தெரியாததா. ஆனால் எதிரே நின்ற முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார். அந்த ஆறு மாதத்தில் அவர் செய்த நல்ல வைத்தியங்களில் அதுவும் ஒன்று.

"கை?" என்று மட்டும் கேட்டார்.

சந்தியோகு குனிந்து தன் வலக்கையைப் பார்த்தார். கிட்டங்கி பூட்டிய பிறகு விரல்கள் மெல்ல உள்ளுக்கு மடங்கத் தொடங்கியிருந்தன.

"கைக்கு நான் நேரேல்லை ஐயா. அதை உங்களிட்டையெல்லோ விட்டனான்."

டாக்குத்தர் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். விரலை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். பின்னேர வள்ளத்துக்கு ஆள் கூப்பிடும்வரை விடவில்லை.

போகுமுன் கப்பியையும் கயிற்றையும் கொடுத்துவிட்டுப் போனார். கொழும்புக்கு எழுதியும் பார்த்தார். திருநாளில் நடந்தது அற்புதக் கணக்கில் சேரும், ஆராய்ச்சிக் கணக்கில் சேராது என்று பதில் வந்ததாம். சுவாமியாரும் அதை அப்படித்தான் தன் மேலதிகாரியான மேற்றிராணியாருக்கு எழுதினார். கமிட்டியாரும் திருச்சபையும் ஒத்துப்போன விடயங்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு.

கப்பியைச் சந்தியோகு வீட்டுப் பூவரசில் கட்டினார். காலையிலும் மாலையிலும் இழுத்தார். டாக்குத்தருக்குக் கொடுத்த கையை அந்தோனியாரிடம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. எந்த விரலை எப்போது நிமிர்த்துவது, எவ்வளவில் நிறுத்துவது என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. மகள் தனக்குத் தெரிந்தமட்டும் பிடித்துவிட்டாள். நத்தார் வந்தது. கை நெஞ்சில் நின்றது. அதற்கடுத்த நத்தாருக்கு நெஞ்சுக்கும் வரவில்லை. அவர் நன்றாக நடந்தார். துறைமுகம் மட்டும் போய், கப்பல் வருவதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்து குசினிக் கதிரையில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவார். மேரிஜோசப்பின் படலையைச் சாத்திவிட்டு வந்து சோறு குழைப்பாள்.

யுத்தம் தொடங்கி அரிசி கூப்பனுக்கு வந்த வருடங்களிலும் அவர் இருந்தார். தெருவில் காண்கிறவர்கள் கேட்பார்கள்:

"தண்டையல், கையெப்பிடி?"

"அப்பிடியேதான் இருக்குது."

கேட்டவர்கள் கண்ணைச் சிமிட்டிக்கொள்வார்கள். கிழவன் கைக்கும் நேர்ந்திருக்கிறான், சுகத்தை ஒளிக்கிறான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. ஒவ்வொரு யூன் மாதமும் கூட்டுக்குப் பின்னால் அவருடைய குரலுக்காகக் காது கொடுத்து நின்றார்கள். "இந்த முறை பாருங்கோ, சொல்லுவார்" என்பாள் அன்னமுத்து. அவர் பேசாமல் நடந்து போவார். சிலுவை அடையாளம் போடும் நேரத்தில் இடக்கையால் வலக்கையைத் தூக்கி நெற்றியில் வைப்பார்.

மேரிஜோசப்பினிடமும் கேட்டார்கள். அவள் கையில் அப்போதுதான் கழுவிய சோற்றுக் கோப்பை இருந்தது. அவளும் அதையே சொன்னாள். அவளையும் அவர்கள் நம்பவில்லை.